பாதி ஆட்டம் வரை முன்னிலை, மூன்றாவது குவார்ட்டரில் சரிவு: அணியின் நம்பிக்கை எங்கே உடைகிறது?

வேளச்சேரி பேஸ்லைன்

அண்டர் 18 பையன்கள் பேஸ்கட்பால் அணி. லீக்கில் ஐந்து ஆட்டம் முடிந்திருக்கிறது. நான்கில் பாதி நேரத்தில் நாங்கள்தான் முன்னிலை, ஆனால் அதில் மூன்றைத் தோற்றோம். ஸ்கோர்ஷீட்டில் மூன்றுக்கும் ஒரே படம்தான்: மூன்றாவது குவார்ட்டரில் 10-0, 12-2 என்று எதிரணிக்கு ஒரு ரன், அதாவது அவர்கள் தொடர்ந்து புள்ளி எடுக்கும் ஓட்டம். அதற்குப் பிறகு பசங்க ரிங்கையே பார்ப்பதில்லை. ஓப்பனாக நிற்பவன்கூட பந்தை அடுத்தவன் கையில் தள்ளிவிடுகிறான். பி.டி. சாரிலிருந்து பெற்றோர் வரை எல்லோரும் சொல்வது "கான்ஃபிடன்ஸ் இல்ல, நல்லா பேசுங்க சார்" என்பதுதான். பேசியாயிற்று. பேச்சைத் தாண்டி பயிற்சியிலும் ஆட்டத்திலும் செய்யக்கூடியது என்ன? அனுபவமுள்ள கோச்சுகள் சொல்லுங்கள்.

ஸ்கோர் டேபிள்

சார், முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சர்வதேச பேஸ்கட்பால் அமைப்பான ஃபிபாவின் விதிப்படி முதல் பாதியில் உங்கள் பெஞ்ச் இருக்கும் பக்கத்து ரிங்கைத்தான் நீங்கள் காக்கிறீர்கள். பாதி முடிந்ததும் ரிங் மாறுகிறது, பெஞ்ச் மாறுவதில்லை. அதாவது முதல் 20 நிமிடம் உங்கள் டிஃபன்ஸ் உங்கள் கண்ணெதிரே நடக்கிறது. "ரைட்ல ஸ்கிரீன் வருது" (எதிரணி ஆள் குறுக்கே நின்று நம் டிஃபண்டரை மறிப்பதுதான் ஸ்கிரீன்), "கார்னர் பாரு" என்று நீங்கள் கத்துவது காதில் விழுகிறது. மூன்றாவது குவார்ட்டரில் அதே டிஃபன்ஸ் கோர்ட்டின் அந்தக் கடைசிக்குப் போய்விடும். கோர்ட் நீளம் 28 மீட்டர். வெளி மைதானத்தில், பக்கத்திலேயே டிராஃபிக் ஓடினால், உங்கள் குரல் பாதி தூரம்கூடப் போகாது.

பசங்க மனசு உடைவது பிறகுதான் நடக்கிறது. அதற்கு முன்னால் அவர்கள் காது காலியாகிவிடுகிறது. முதல் பாதியில் டிஃபன்ஸ் நன்றாக இருந்ததற்குப் பாதிக் காரணம் நீங்கள் கொடுத்த குரல். அந்தக் குரலை ஐந்து பேருக்குள் ஒருவரிடம் ஒப்படைக்காமல் இருந்தால் இந்தச் சரிவு ஒவ்வொரு ஆட்டத்திலும் வரும்.

பயிற்சியில் செய்யவேண்டியது: 8 நிமிட ஐவர் ஆட்டம் வையுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது, டிஃபன்ஸ் நடக்கும் ரிங்குக்கு எதிர் ரிங்கின் கீழே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஸ்கிரீன் வரும்போது பின்னால் நிற்பவன் குரல் கொடுக்காவிட்டால், கூடை விழுந்தாலும் விழாவிட்டாலும் எதிரணிக்கு 1 புள்ளி. முதல் வாரம் ஸ்கோர் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுங்கள். சொற்களை மூன்றோடு நிறுத்துங்கள்: "ஸ்கிரீன் ரைட்", "மாத்து", "நான் இருக்கேன்". ஐந்தாறு சொல் வைத்தால் ஒன்றும் வராது. சென்டர், அதாவது ரிங் பக்கத்தில் நின்று விளையாடுகிறவன்தான் இதற்குச் சரியான ஆள், ஏனென்றால் மொத்தக் கோர்ட்டும் அவன் முன்னால் தெரிகிறது. அவன் கூச்சப்படுகிறவனாக இருந்தாலும் அவனிடமே கொடுங்கள்.

பெஞ்ச் ஓரம்

மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒன்று: இடைவேளை முடிந்து பசங்க எந்த நிலையில் கோர்ட்டுக்குள் இறங்குகிறார்கள்? முறைப்படி இடைவேளை 15 நிமிடம், உள்ளூர் டோர்னமெண்டில் 10, சில இடத்தில் 5. பெரும்பாலான கோச்சுகள் அது முழுவதையும் பேசியே தீர்க்கிறார்கள். நேராகக் கோர்ட்டுக்குள் போகும் பையன் உடம்பு குளிர்ந்து, தலை நிறைய அறிவுரையோடு போகிறான்.

10 நிமிடம் என்றால் இப்படிப் பிரியுங்கள். முதல் 2 நிமிடம் யாரும் பேசவேண்டாம், தண்ணீர், துண்டு, மூச்சு. அந்த நேரத்தில் நீங்களும் உதவி கோச்சும் தனியாக நின்று இரண்டே விஷயத்தை முடிவு பண்ணுங்கள். அடுத்த 3 நிமிடம் அந்த இரண்டையும் சொல்லுங்கள், ஒன்று டிஃபன்ஸ், ஒன்று அட்டாக். மீதி 5 நிமிடம் பந்தோடு கோர்ட்டில்: இரண்டு பக்கமும் லே அப் (ஓடிப்போய் ரிங் பக்கத்தில் போடும் ஷாட்), பிறகு அவரவர் ஆட்டத்தில் எங்கிருந்து அடிப்பார்களோ அந்த இடத்திலிருந்து ஆளுக்கு ஐந்தாறு ஷாட், கடைசியில் ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ரிங் மாறியிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். புதுப் பக்கத்தின் போர்டு, பின்னணி, வெளிச்சம் எல்லாமே வேறு. வெளி மைதானத்தில் ஒரு பக்க ஃப்ளட் லைட் நேராகக் கண்ணில் அடிக்கும்.

ஐந்தாம் ஃபவுல்

நண்பரே, அந்த 10-0 ரன்னைப் பிரித்துப் பார்த்தீர்களா? ஐந்து கூடை எப்படி வந்தன என்று எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒருவன் ஒரு ஷாட் மிஸ் பண்ணுகிறான், அடுத்த முறை பயந்து பாஸ் போடுகிறான், அந்தப் பாஸ் நடுவில் வெட்டப்படுகிறது, அங்கே ஆளில்லாத லே அப். ஆக மிஸ் ஆன ஷாட் உங்களைக் கொல்லவில்லை, பயந்து போட்ட பாஸ்தான் கொன்றது. வெளியே போன பந்தும் டர்னோவர்தான் (பந்தை எதிரணியிடம் இழப்பது), ஆனால் அதற்குப் பிறகு உங்கள் ஐந்து பேரும் பின்னால் வந்து நிற்க நேரம் கிடைக்கிறது. கையிலிருந்து பறிக்கப்பட்ட பந்துக்கு அது கிடையாது. ஸ்கோர்ஷீட்டில் இரண்டும் ஒரே கணக்கு, ஆட்டத்தில் இரண்டும் வேறு.

இதைப் பசங்களுக்கு எண்ணாகவே காட்டுங்கள். வீடியோ இல்லையென்றாலும் பரவாயில்லை, பெஞ்சில் ஒருவன் கையில் ஒரு நோட்டு போதும். நாலு கட்டம்: நல்ல ஷாட் போனது, நல்ல ஷாட் போகாதது, மோசமான ஷாட், பறிகொடுத்த பந்து. நல்ல ஷாட் என்றால் என்ன என்பதை சீசனுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்: கால் நின்றிருக்கவேண்டும், கை நீட்டும் தூரத்துக்குள் டிஃபண்டர் இருக்கக்கூடாது, ரீபவுண்டுக்கு, அதாவது போகாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, நம் ஆள் இரண்டு பேராவது உள்ளே இருக்கவேண்டும், அவன் பயிற்சியில் அடித்துப் பழகிய இடமாக இருக்கவேண்டும். இந்த நாலும் இருந்தால் பந்து போகாவிட்டாலும் அவன் சரியாகவே செய்திருக்கிறான். பாதி நேரத்தில் எவ்வளவு போயிற்று என்று கேட்காதீர்கள், நல்ல ஷாட் எத்தனை எடுத்தோம் என்று கேளுங்கள். ரிங்கைப் பார்க்காமல் போன பையன் ரிங்கைப் பார்க்க ஆரம்பிப்பது அங்கேதான்.

நந்தனம் 24

நல்ல இழை. எண் என்றதும் ஒன்று சேர்க்கிறேன், இதைப் பசங்களும் புரிந்துகொள்வார்கள்.

மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து 35% அடிக்கிற ஒருவன் ஒரு ஆட்டத்தில் நாலு அடிக்கிறான் என்று வையுங்கள். நாலும் போகாமல் இருக்க வாய்ப்பு 0.65-ஐ நாலு முறை பெருக்கினால் வருவது, கிட்டத்தட்ட 18%. அதாவது அவனுக்கு ஒரு குறையும் இல்லாதபோதே ஐந்தாறு ஆட்டத்துக்கு ஒருமுறை "பூஜ்யம் நாலு" நாள் வரும். அந்த ஒரு நாளைப் பார்த்து "டச் போச்சு" என்று கோச்சே சொன்னால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த மாதிரி. அதே 35% என்பது ஒரு ஷாட்டுக்கு 1.05 புள்ளி. கோட்டுக்கு ஓரடி உள்ளே வந்து நின்று 40% அடித்தால்கூட, அங்கே இரண்டு புள்ளிதான் என்பதால், 0.8 தான். எனவே அவனை உள்ளே வரச்சொல்லி "பத்திரமாக" அடிக்க வைப்பது அணிக்கு நஷ்டம்.

பெரியமேடு கார்னர்

நந்தனம் சார் சொல்வது கணக்கு. ஆனால் கோர்ட்டில் நிற்கிறவனுக்குத் தெரியும், சில நாள் கை சூடாகவே இருக்கும், எது போட்டாலும் விழும். அந்த நாளில் அவனுக்குத்தானே பந்து போகவேண்டும்? எல்லாம் வெறும் தற்செயல் என்று சொல்லி அந்தச் சூட்டை அணைப்பது சரியா?

நந்தனம் 24

நியாயமான கேள்வி, இதற்குப் பெரிய வரலாறே இருக்கிறது. 1985-ல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் அமெரிக்க என்.பி.ஏ. அணிகளான ஃபிலடெல்ஃபியா 76ers ஆட்டக் குறிப்புகளையும் பாஸ்டன் செல்டிக்ஸ் ஃப்ரீ த்ரோக்களையும் பார்த்து, கார்னெல் பல்கலைக்கழக வீரர்களை வைத்துச் சோதனையும் செய்து, சூடான கை என்பது மனப்பிரமை என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அதுதான் பாடம். பிறகு மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். 2018-ல் அது ஆய்விதழில் வெளியானது.

ஓட்டை என்ன என்பதை பூவா தலையாவில் பாருங்கள். நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். எட்டு விதமாக விழலாம். ஒவ்வொரு விதத்திலும் "பூ விழுந்த அடுத்த தடவை மறுபடி பூ விழுந்தது எத்தனை பங்கு" என்று எழுதுங்கள். பூ-பூ-பூ: முழுவதும். பூ-பூ-தலை: பாதி. பூ-தலை-பூ: பூஜ்யம். பூ-தலை-தலை: பூஜ்யம். தலை-பூ-பூ: முழுவதும். தலை-பூ-தலை: பூஜ்யம். மற்ற இரண்டிலும் பூவுக்குப் பிறகு சுண்டலே இல்லை, விட்டுவிடுங்கள். ஆறின் சராசரி 2.5-ஐ 6-ஆல் வகுத்தது, சுமார் 42%. பாதிக்குப் பாதி விழும் நாணயமே இந்தக் கணக்கில் 50-க்குக் கீழே காட்டுகிறது. அப்படியானால், இந்தக் கணக்கில் வித்தியாசமே இல்லாமல் 50% வந்த வீரனுக்கு உண்மையில் கொஞ்சம் சூடு இருந்திருக்கிறது. கார்னெல் எண்களை இப்படித் திருத்திப் பார்த்தபோது சூடு வெளியே வந்தது.

ஆகவே கார்னர் சார், உங்கள் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் சூட்டின் அளவு நாம் கோர்ட்டில் நினைப்பதைவிடச் சின்னது. கோச்சுக்கு இதில் வேலை இரண்டு: மூன்று போட்டவனுக்கு அடுத்த நல்ல ஷாட்டை வரைந்து கொடுங்கள், இரண்டு பேர் மேலே நிற்கும்போது அடிக்க விடாதீர்கள். மூன்று மிஸ் பண்ணியவனுக்கும் அடுத்த நல்ல ஷாட்டையே கொடுங்கள். விதி இருவருக்கும் ஒன்றுதான்.

பெரியமேடு கார்னர்

நாணயக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், 42 தான் வருகிறது. நன்றி சார்.

ஆள் மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. தப்பு பண்ணினால் உடனே வெளியே எடுப்பதுதான் ஒழுக்கம் என்பது என் கருத்து. இல்லையென்றால் பசங்க அலட்சியமாகிவிடுவார்கள்.

ஐந்தாம் ஃபவுல்

இதில் நான் முழுவதுமாக மாறுபடுகிறேன். தப்பு இரண்டு வகை. பின்னால் ஓடி வராதது, பாக்ஸ் அவுட் பண்ணாதது (ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால் மறிக்காதது), அம்பயரிடம் கை விரித்துக்கொண்டு நின்றது: இது மனசு வைக்காத தப்பு, உடனே வெளியே எடுங்கள், யாராக இருந்தாலும், கேப்டனாக இருந்தாலும். ஓப்பன் ஷாட் மிஸ், முயற்சி பண்ணி உள்ளே புகுந்து பந்து நழுவியது: இது கை தப்பு. இதற்காக வெளியே எடுத்தால் அடுத்த முறை அவன் ஷாட் அடித்ததும் ரிங்கைப் பார்க்கமாட்டான், பெஞ்சைப் பார்ப்பான். உங்கள் ஆட்ட வீடியோவில் இதை மட்டும் தேடுங்கள்: ஷாட் போகாதபோது பையனின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது? பெஞ்ச் பக்கம் என்றால், குறை கோச்சிடம் இருக்கிறது.

கை தப்புக்குப் பிறகு அவனை மாற்றவேண்டிய நேரமே வந்துவிட்டது என்றால், அவன் அடுத்து ஒரு நல்ல வேலை செய்யும்வரை, ஒரு ரீபவுண்ட், ஒரு ஸ்டாப் (எதிரணியைக் கூடை போடவிடாமல் தடுப்பது), காத்திருந்து மாற்றுங்கள். வந்து உட்கார்ந்ததும் முதல் ஒரு நிமிடத்துக்குள் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். "மூச்சு வாங்குது, ரெண்டு நிமிஷத்துல திரும்பப் போற" என்றால் போதும், ஆனால் சொன்னபடி இரண்டு நிமிடத்தில் அனுப்பவேண்டும்.

ஸ்கோர் டேபிள்

டைம் அவுட்டையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் டேபிளில் உட்கார்ந்தால் தினமும் தெரியும் தப்பு இது. முதல் பாதிக்கு 2, இரண்டாம் பாதிக்கு 3. மிச்சம் வைத்தது அடுத்த பாதிக்கு வராது. நாலாவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்துக்குள் அதிகபட்சம் 2 தான், எனவே மூன்றையும் கடைசிக்குச் சேமித்து வைப்பதில் அர்த்தமே இல்லை. மூன்றாவது குவார்ட்டர் சரிவுக்கு ஒன்று செலவழிக்கத்தான் அந்த மூன்றாவது இருக்கிறது.

வீரன் கேட்டால் டைம் அவுட் கிடையாது. கோச்சோ முதல் உதவி கோச்சோ டேபிளில் கேட்கவேண்டும். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதும் கிடைக்காது. விசில் அடித்துக் கடிகாரம் நிற்கவேண்டும், அல்லது எதிரணி கூடை போடவேண்டும். ஆகவே 5-0 ஆனதுமே கேட்டு வைத்துவிடுங்கள், அடுத்த கூடை விழுந்த கணமே கிடைத்துவிடும். விழாவிட்டால் ரத்து பண்ணிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் 10-0 ஆனபின் டேபிளுக்கு ஓடி வருகிறார்கள்.

மொத்தம் 60 வினாடி, 50-ல் ஹாரன் அடிக்கும். உட்காரவும் தண்ணீருக்கும் 15 போனால் பேச உங்களுக்கு 35 தான் மிச்சம். அதில் நடந்து முடிந்ததைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். அடுத்த அட்டாக்கில் யார் எங்கே நிற்பார்கள், முதல் பாஸ் யாருக்கு, ஷாட் யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள். கடைசியாக அட்டாக்கை நடத்தும் பாயிண்ட் கார்டைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவன் வாயில் வந்தால்தான் காலில் வரும்.

பெஞ்ச் ஓரம்

ஃப்ரீ த்ரோ பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பயிற்சி முடிவில் வரிசையாக 20 அடிப்பது ஆட்டத்தில் உதவாது. ஆட்டத்தில் இரண்டு இரண்டாகத்தான் வருகிறது, அதுவும் இதயம் படபடக்கும்போது. எனவே ஒவ்வொரு ஓட்டப் பயிற்சிக்கும் நடுவே ஆளுக்கு இரண்டு, ஒரு நாளில் பத்து தடவை. அதே 20 ஷாட்தான், பலன் வேறு. கையில் பந்து வந்ததும் 5 வினாடிக்குள் அடிக்கவேண்டும், அதனால் சடங்கு சின்னதாக இருக்கட்டும்: இரண்டு தட்டு, ஒரு நீண்ட மூச்சு வெளியே, ஷாட். ஆறு தட்டு தட்டுகிற பையன் பாதியில் அவசரப்படுவான்.

லைட் ஹவுஸ் ஹூப்

சென்னைக்கே உரிய சில விஷயங்கள். இவை மனசு சம்பந்தப்பட்டவை மாதிரித் தெரியும், ஆனால் பொருள் சம்பந்தப்பட்டவை.

மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். கடற்கரை ஓரத்து வெளிக் கோர்ட்டில் தூரத்து ஷாட் கண்ணுக்குத் தெரியவே விலகும். இடைவேளையில் ரிங் மாறினால் காற்றும் மாறிவிட்ட மாதிரி. முதல் பாதியில் போன ஷாட் இரண்டாம் பாதியில் போகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் குவார்ட்டரில் முதல் மூன்று நாலு அட்டாக்கை போர்டில் பட்டு விழும் ஷாட், உள்ளே புகுந்து லே அப் என்று வையுங்கள்.

வியர்வை. இந்த ஈரப்பதத்தில் மூன்றாவது குவார்ட்டர் வரும்போது பந்தே வழுக்கும். பெஞ்சில் கைக்கு ஒன்று, பந்துக்கு ஒன்று என்று தனித்தனித் துண்டு. ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் அவன் சுமார் 1 லிட்டர் தண்ணீர் கடனில் இருக்கிறான். கால் கனத்தால் ஷாட் முன்கம்பியில் அடிக்கும், அவனோ தன் கையைச் சந்தேகப்படுவான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும், கண்ணளவில் கூடாது.

பந்து. சிமெண்ட் தரையில் பழகுகிற ரப்பர் பந்து, உள்ளரங்கில் கொடுக்கிற காம்போசிட் பந்து, இரண்டும் கையில் வேறு. டோர்னமெண்டுக்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பந்தை வாங்கிப் பழக்குங்கள். வால்வு பக்கத்தில் காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7-லிருந்து 9 பி.எஸ்.ஐ. பத்து பந்தும் ஒரே அழுத்தத்தில் இருக்கட்டும்.

வலசரவாக்கம் ரீபவுண்ட்

பெண் பிள்ளைகளுக்கும் சின்னவர்களுக்கும் கோச் பண்ணுகிறவர்கள் இதையும் பார்க்கவும். பெண்களுக்குப் பந்து சைஸ் 6. சின்னவர்கள் ஆடும் மினி பேஸ்கட்பாலுக்கு சைஸ் 5, ரிங் உயரம் 2.60 மீட்டர். நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் 3.05 மீட்டரில் வெல்டு பண்ணிய ஒரே ரிங், கையில் சைஸ் 7. பத்து வயசுக் குழந்தை இடுப்பிலிருந்து தூக்கி எறிகிறது, போகவில்லை, "எனக்கு வராது" என்று முடிவு பண்ணிவிடுகிறது. ரிங்கை இறக்க முடியாவிட்டால் சுவரில் 2.60 உயரத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டு அதில் அடிக்கச் சொல்லுங்கள், சதுரத்தில் பட்டால் கூடை. சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் ஆடிய வீடியோக்களைக் காட்டுங்கள். தங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆடுவதைப் பார்ப்பது, நாம் பத்து நாள் பேசுவதைவிடப் பிள்ளைகளுக்குள் இறங்கும்.

வேளச்சேரி பேஸ்லைன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று தோல்வியின் ரன்களையும் பிரித்து எழுதினேன். மொத்தம் 16 கூடை. அதில் 9 பறிகொடுத்த பந்திலிருந்து வந்தவை. இவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாரம் வாய் திறக்காத 8 நிமிட ஆட்டமும் நாலு கட்ட நோட்டும் ஆரம்பிக்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: பின்தங்கியிருக்கும் நிலையைப் பயிற்சியில் எப்படிக் கொண்டுவருவது? நம் பசங்களுக்குள் ஆடும்போது அந்தப் பயம் வருவதே இல்லை.

ஐந்தாம் ஃபவுல்

ஸ்கோர் போர்டில் 8 புள்ளி பின்தங்கியதாக எழுதிவிட்டு முதல் ஐந்து பேரை இறக்குங்கள். கடிகாரத்தில் 4 நிமிடம். எதிரில் பெஞ்ச் ஐவர், அவர்களுக்கு ஏற்கெனவே அந்தக் குவார்ட்டரின் 4 டீம் ஃபவுல் ஆகிவிட்டதாக வையுங்கள், இனி ஒவ்வொரு ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் ஐவருக்கு ஒரே ஒரு டைம் அவுட். விசிலை வேறு யாரிடமாவது கொடுத்து, இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே அவர்களுக்கு எதிராகத் தப்பாக ஊதச் சொல்லுங்கள். ஜெயிப்பது இலக்கில்லை: 4 நிமிடத்தில் 8-ஐ 3-ஆகக் குறைத்தாலே அவர்களுக்கு வெற்றி என்று முன்பே சொல்லிவிடுங்கள். 8-ஐ ஒரே ஷாட்டில் பிடிக்கப் பார்ப்பதுதான் பசங்க பண்ணுகிற முதல் தப்பு. இரண்டு ஸ்டாப், இரண்டு நல்ல ஷாட், ஒரு ஃப்ரீ த்ரோ, 3 வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, பயிற்சியின் கடைசியில், கால் களைத்திருக்கும்போது வையுங்கள்.